சுண்ணாம்பு அடித்த ஜீப்

எங்கள் மெக்கானிக்குகள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பழைய ஃபோர் வீல் ஜீப், கொஞ்சம் வேகம் எடுத்தா முன்பக்கம் பேயாட்டம் ஆடுது. என்ன மாத்தலாம்?" கேள்வி வந்து கையில் இருந்த டீ ஆறுவதற்குள் பதில்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. கிங் பின் பேரிங்கை மாத்து, டை ராடு எண்ட்டை மாத்து, டயரை மாத்து, ஸ்டியரிங் பாக்ஸை மாத்து. ஒரு குறும்புக்காரர் வண்டியையே மாத்து என்று எழுதிச் சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தார். நான் ஒற்றை விரலால் தட்டி, "மாத்தறது இருக்கட்டும், முதல்ல என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். குழு அமைதியாகிவிட்டது. பெரியவர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்துவிட்டார்கள். கோபம்தான். ஆனால் அந்தத் தம்பி மேல் இல்லை, அந்த 'மாத்து' மேல். சாயங்காலம் அவரே தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, பார்க்கறதுன்னா எப்படிப் பார்க்கறதுங்க? கொஞ்சம் எழுதிப் போடுங்க" என்றார். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு ஜீப்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அனுபவிக்காதவர்களுக்கு அது புரியாது. இன்றைய கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். பழைய ஜீப்பில் இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்பு ஆக்சில் பிணைத்திருக்கும். அந்த ஆக்சில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் அடி விழுந்தால் மறுபக்கத்துக்கும் உடனே சேதி போய்விடும். எங்கேயோ ஓர் இணைப்பு துளி தளர்ந்திருந்தால் போதும், ஒரு சின்னக் குழியில் இறங்கியதும் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும், வேகம் குறைகிற பம்பரம் தலையாட்டுகிற மாதிரி. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். வேகம் முழுக்கக் குறைந்த பிறகுதான் அடங்கும். அடங்கிய பின் இறங்கிப் பார்த்தால் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் சாதுவாக நிற்கும். அந்தச் சாதுத்தனத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நான் வெள்ளகோவில்காரன். அப்பா எண்ணெய் மில்லில் ஃபிட்டர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கோயமுத்தூருக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூளோடு கொஞ்ச காலம் கிடந்தேன். பிறகு துடியலூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தவன், முழங்கால் இனி முடியாது என்று சொல்லும்வரை அங்கேயேதான் இருந்தேன். மலை எஸ்டேட் ஜீப்புகளும் தோட்டத்து ஜீப்புகளும் எங்களிடம் வரும். முன்பக்க வேலை முழுக்க என் பொறுப்பு.

ஒர்க் ஷாப் சரோஜா அம்மாவுடையது. கணவர் தவறிய பின் விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிட்டுத் தானே நடத்தினார். ஸ்பேனரைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் வந்து நின்று ஒரே கேள்வி கேட்பார்: "ஏனுங்க ரங்கசாமி, இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்ன மாற்றினீர்கள் என்று கேட்க மாட்டார். "பேரிங் மாத்தியாச்சுங்க" என்று பதில் சொன்னால், "அது சரிங்க, அதைப் பார்த்தீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால், எங்கே தேய்ந்திருந்தது, காட்டுங்கள் என்பார். கழற்றிய சாமானை அவர் கையில் வைக்க வேண்டும். புடவைத் தலைப்பில் கிரீஸ் ஆவதைப் பற்றிக் கவலையே படமாட்டார். தேயாத சாமானைக் கழற்றியிருந்தால் அதை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

வேலை முடிந்த வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவதும் அவர் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு வருவார். புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் அம்மா தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது, "வலது பக்கம் எங்கியோ லேசா முணுமுணுங்குதுங்க" என்பார். முணுமுணுப்பு இருக்கும்.

எங்கள் ஊர் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அது வந்த கதையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஒருமுறை வெள்ளகோவில் பக்கத்து விவசாயி ஒருவர், ஜீப் ஆடுகிறது என்று கொண்டுவந்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் ரிம்மின் உட்பக்கத்தில் கரிசல் மண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்து கல்லாகி இருந்தது. எடை ஒரு பக்கமாகச் சேர்ந்தால் சக்கரம் உதறாமல் என்ன செய்யும்? ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்துவிட்டு, கழுவி அனுப்பினேன். ஆட்டம் போய்விட்டது. அவர் சும்மா இருக்கவில்லை. சந்தையில், கல்யாண வீட்டில், பால் சொசைட்டியில், போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துடியலூர் ஒர்க் ஷாப்புக்கு வருகிற ஜீப்பெல்லாம் குளித்துவிட்டு வர ஆரம்பித்தன.

மண்ணுக்காக மட்டும் கழுவினால் பரவாயில்லை. மரியாதைக்காகக் கழுவினார்கள். அடிப்பக்கமெல்லாம் பிரஷர் தண்ணீர் அடித்து, சிலர் கறுப்புப் பெயிண்டும் பூசி, முகப்பில் பொட்டு வைத்துக் கொண்டுவருவார்கள். ஏனுங்க இப்படி என்று ஒருவரிடம் கேட்டேன். "ஒரம்பரை ஊட்டுக்குப் போறப்ப குளிக்காம போவமுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கம் உறவினர். ஒர்க் ஷாப்பை உறவுக்காரர் வீடாக நினைக்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது?

ஆனால் எனக்குப் பிழைப்பே அழுக்கில்தான் இருந்தது. தளர்ந்த போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருக்கும். உரசுகிற இடம் புழுதி ஒட்டாமல் பளபளக்கும். வண்டி தன் வியாதியைத் தானே உடம்பில் எழுதி வைத்திருக்கும். இவர்கள் அதை அன்போடு கழுவித் துடைத்து என் முன்னால் நிறுத்துவார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, கேட்டில் 'வண்டியைக் கழுவாமல் கொண்டு வரவும்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினேன். கழுவ வசதியில்லாதவர்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்க அம்மா பெருந்தன்மையாக எழுதி வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு, முன்னைவிட நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

நான் சொல்ல வந்த ஜீப்பும் அப்படித்தான் வந்தது. நான் வேலையை விடுவதற்குச் சில வருஷம் முன்பு. தாராபுரத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அதன் வண்டி. புது மணப்பெண் மாதிரி மினுங்கிக்கொண்டு உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் ஸ்டெல்லா, அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ், நாற்பதைத் தாண்டியவர். பக்கத்தில் ஆஸ்பத்திரியை நிர்வகிக்கும் ஃபாதர் செபாஸ்டின்.

ஃபாதர் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "ரெண்டு இடத்துல பார்த்தாச்சு. பேரிங், டை ராடு, டயர் எல்லாமே புதுசு. ஆட்டம் போகலை. ஓட்டுறவங்க கைப்பழக்கம்னு ஒரு இடத்துல சொல்லி அனுப்பிட்டாங்க. போன தடவை மலையிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூட்டிட்டு வரும்போது, அடிவாரத்து ரோட்டுல ஆட ஆரம்பிச்சு வண்டி வேலிக்குள்ள போயிடுச்சு. கடவுள் புண்ணியத்துல யாருக்கும் அடியில்லை. நீங்கதான் கடைசி. சரியாகலைன்னா மலைப் பயணத்தை நிறுத்திடுறதா முடிவு பண்ணியிருக்கேன். ஓர் உயிர் போனப்புறம் வருத்தப்படுறதுல என்ன இருக்கு?"

அவர் சொன்னதில் தவறு சொல்ல முடியாது.  ஃபாதர் சரோஜா அம்மாவைப் பார்க்க ஆபீஸ் அறைக்குப் போனதும் ஸ்டெல்லா என்னிடம் சொன்னார்: "ஏனுங்ணா, மேல ஊருங்களுக்கு வேற எந்த வண்டியும் ஏறாதுங்க. இது நின்னுபோச்சுன்னா அந்தப் புள்ளைங்க நெறமாச வயித்தோட பாறை பாறையா நடந்து எறங்கோணும். முடியாதவங்களைத் தொட்டில் கட்டித் தூக்கியாருவாங்க. நான் பார்த்திருக்கறேனுங்ணா. என்னை வண்டியை உட்டு எறக்குனாக்கூடப் பரவால்லீங்க, வண்டி ஓடோணும்."

"மொதல்ல நீங்க ஓட்டுங்க அம்மணி. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றேன்.

எந்த ஆட்டத்துக்கும் என் முதல் வேலை அதுதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி வெண்ணெயாக ஓடியது. தடாகம் பக்கம் திரும்பி, செங்கல் லாரிகள் கிழித்துப் போட்ட செம்மண் பாதையில் விடச் சொன்னேன். ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஆரம்பித்தது. டேஷ்போர்டில் இருந்த ஜெபமாலை பாம்பு மாதிரி துள்ளியது. நான் ஸ்டெல்லாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் இரண்டையும் ஸ்டியரிங்குக்கு வெளியே வைத்திருந்தார். உள்ளே கொடுத்தால் அது சுழன்று விரலை ஒடித்துவிடும். பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, பிடியை இறுக்காமல், வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்து ஓரம் கட்டினார். எத்தனையோ எஸ்டேட் டிரைவர்கள் இந்த இடத்தில் பதறிப் பிரேக் அடித்ததைப் பார்த்தவன் நான்.

திரும்பி வந்ததும் ஃபாதரிடம் சொன்னேன்: "ஓட்டறதுல ஒரு கொறையும் இல்லீங்க. இவங்க கையில இருந்ததாலதான் வண்டி வேலியோட நின்னிருக்குது."

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பார். ஃபாதர், "சந்தோஷம். அப்போ வண்டியில என்ன?" என்றார். 

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் பிடித்துப் பார்த்தேன். ரிம் நேராக ஓடியது, டயர் உருண்டையாக இருந்தது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால், சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் தேய்மானம் தெரியும். இல்லை. இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால், இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்புகிற டை ராடின் தளர்ச்சி தெரியும். அதுவும் இல்லை. சக்கரங்களைத் தரையில் இறக்கி, ஸ்டெல்லாவை ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் திருகச் சொல்லிவிட்டு அடியில் படுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் வண்டிச் சட்டமான சேசிஸோடு ஒட்டி இருந்தது. ஸ்பிரிங் பட்டையின் முனைகளில் புஷ் வளையங்களும் இறுக்கம். பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளில் ஸ்பேனர் வைத்தேன், அசையவில்லை. எல்லாமே சரி. எல்லாம் சரியாக இருக்கிற வண்டி ஆடக்கூடாது, இது ஆடுகிறது.

அடியில் படுத்தபடி பார்த்தால் எங்கும் கறுப்புப் பெயிண்ட். போல்ட், பட்டை, மூட்டு எல்லாம் ஒரே நிறமாக மின்னின. எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. "யாருங்க இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?" என்று கத்தினேன்.

"நான்தாங்ணா அடிக்கச் சொன்னேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. "பெரிய இடத்துக்குக் கொண்டாறோம், அழுக்கா இருந்தா நல்லா இருக்குமாங்க?"

நான் அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். 

சாயங்காலம் சரோஜா அம்மா வந்து நின்றார். "என்ன பார்த்தீங்க ரங்கசாமி?"

"ஒண்ணுமே பார்க்கலீங்க. பார்க்கறதுக்கு ஒண்ணுமே உட்டு வெக்கலீங்க."

வண்டிக்குக் கீழே ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பப் பார்க்கற மாதிரிப் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்வது சுலபம் என்று முனகிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, கிணற்றடிச் சுவரில் மோட்டார் வைத்த இடத்தைச் சுற்றி வெள்ளை உதிர்ந்து கிடப்பது கண்ணில் பட்டது. சுண்ணாம்பு வளையாது, உடையத்தான் செய்யும். கீழே ஏதாவது மயிரிழை அசைந்தாலும் அது வெடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். அப்பா எண்ணெய் மில்லில் மிஷினின் கால்களைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசி, மறுநாள் எந்தக் காலில் வெடிப்பு என்று பார்ப்பது நினைவுக்கு வந்தது.

காலையில் போகிற வழியிலேயே சுண்ணாம்பு வாங்கிக்கொண்டேன். கோயமுத்தூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்த ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சேலையைச் செருகிக்கொண்டு, கம்பி பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் பூசச் சொன்ன பெயிண்ட்டு, நானே சொரண்டறனுங்க" என்றார். மூட்டுகள், போல்ட் தலைகள், பட்டை உட்காரும் இடங்கள் என்று ஒவ்வோர் இடமாகச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். அதன்மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி வெயிலில் நிறுத்தினோம். காய்ந்ததும் பார்த்தால் வண்டி பொங்கலுக்கு வெள்ளையடித்த திண்ணை மாதிரி இருந்தது. மற்ற மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "காவிப் பட்டையும் அடிச்சுட்டா ஆடி நோம்பிக்கு ஆகுமுங்ணா" என்றார். மிஷன் வண்டிடா அது, ஆடிப் பண்டிகைக் கோயில் சுவரில்லை என்று விரட்டினேன்.

மறுபடி அதே செம்மண் பாதை. ஸ்டெல்லா ஓட்டினார், நான் பக்கத்தில். வேண்டுமென்றே குழி தேடி இறங்கினோம். ஆடியது, அடங்கியது, மறுபடி ஆடியது. உடம்பு எலும்பெல்லாம் கழன்றதுபோல் ஆனபின், அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, சாக்கை விரித்து அடியில் போனேன்.

வலது பக்கம் சுண்ணாம்பு பூசியபடி அப்படியே இருந்தது. ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றி அப்படியே இருந்தது. டை ராடு மூட்டுகளில் திரும்புகிற இடத்தில் மட்டும் முறையாக உதிர்ந்திருந்தது. இடது பக்கம், பட்டை ஆக்சில் மேல் உட்காருகிற இடத்தில், நேர்க்கோடாக ஒரு வெடிப்பு. கோட்டின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பொடியாகி உதிர்ந்திருந்தது. அசையவே கூடாத இடம் அது. எனக்கு அந்த நிமிஷம் உண்டான சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. படுத்தபடியே, "சிக்கிருச்சுங்க அம்மணி!" என்று கூவினேன்.

ஆனால் யூ போல்ட்டுகள் இறுக்கமாகத்தானே இருந்தன? ஒர்க் ஷாப்புக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, இடது பக்க யூ போல்ட்டுகளைக் கழற்றி, சேசிஸை ஜாக்கியால் மேலே தூக்கினேன். பட்டை ஆக்சிலை விட்டுப் பிரிந்ததும் நடுவிலிருந்து ஏதோ தொங்கியது. இழுத்தேன். மடித்து வைத்த டியூப் ரப்பர். நசுங்கி, தோல்போல் ஆகியிருந்தது. பட்டையையும் ஆக்சிலையும் இடம் பெயராமல் பிடித்திருக்க வேண்டிய சென்டர் போல்ட் நடுவில் ஒடிந்து இரண்டாக வந்தது. மேலே நட்டும் கீழே தலையும் அதனதன் இடத்தில் இருந்ததால் வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் தெரியவில்லை.

எல்லாம் விளங்கிவிட்டது. நடுவில் ரப்பர் இருந்தால் ஸ்பேனருக்கு இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது. ஒவ்வொரு குழியிலும் ஆக்சிலின் இடது முனை பின்னால் நகர்ந்து முன்னால் வந்திருக்கிறது. பாரம் முழுவதையும் சென்டர் போல்ட் தாங்கித் தாங்கி ஒருநாள் ஒடிந்திருக்கிறது. அதற்குப் பின் ஆட்டத்தை யார் நிறுத்த முடியும்? எத்தனை பேரிங் மாற்றினாலும் நிற்காது.

"எந்த அறிவாளி இதை உள்ள வெச்சான்?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. நின்றவர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாங்ணா வெக்கச் சொன்னது."

 கர்ப்பிணிகளைப் பின் பெஞ்சில் உட்கார வைத்தால் குலுங்கல் தாங்காது என்று முன்சீட்டில்தான் உட்கார வைப்பாராம். அங்கேயும் ஒவ்வொரு பாறையிலும் தூக்கிப் போடும். "வயித்தைப் புடிச்சுட்டு அழுவாங்கங்ணா. ஒரு புள்ள பாதி வழியில, 'அக்கா, எறக்கி உட்டுருங்க, நான் நடந்தே வாரேன்'னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. பட்டைக்கு அடியில ரப்பர் வெச்சா மெத்துனு இருக்கும்னு யாரோ சொன்னாங்க. பஞ்சர் கடையில வெச்சுட்டேன். அவுங்க உக்காருற பக்கம்தானேன்னு இடது பக்கம் மட்டும் வெச்சேன். அதுக்கப்பறம்தான் ஆட்டம் வந்துச்சுன்னு இப்பத்தாங்ணா தோணுது. வேலிக்குள்ள போனப்ப அந்தப் புள்ளையையும் வயித்துல இருந்ததையும் நானே கொன்னிருப்பனே."

 அந்த ரப்பரைப் பழைய டயர்க் குவியலில் வீசிவிட்டு, போல்ட் ஒடிந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும். ஃபாதர் மதியம் வருவார். ரப்பரைக் கண்டால் வண்டி மலைக்குப் போகலாம், ஆனால் இவர் கையில் கொடுப்பாரா? குவியல் பக்கம் நான் ஓரடி எடுத்து வைத்தேன் என்பதுதான் உண்மை. ஸ்டெல்லா எழுந்து வந்து ரப்பரை என் கையிலிருந்து வாங்கி பானெட்டின் மேல் வைத்தார். "இருக்கட்டுங்ணா. நானே சொல்லிப்போடறேன்" என்றார்.

சொன்னார். ஃபாதர் வந்து நின்றதும், உட்காரக்கூட விடாமல், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னார். எதையும் விடவில்லை. சரோஜா அம்மாவும் வந்து ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.  இந்த மனுஷி மட்டும் வண்டியிலிருந்து இறக்கப்பட்டால் நான் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம் என்று இருந்தது.

ஃபாதர் ரப்பரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "தப்புதான், ஸ்டெல்லாம்மா. யாரையும் கேட்காமப் பண்ணுனது அதைவிடப் பெரிய தப்பு" என்றார். ஸ்டெல்லா தலையாட்டினார். அப்புறம் ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "இது இல்லாம, அந்தப் பொண்ணுங்களைக் குலுங்காம இறக்கிக் கொண்டு வர்றதுக்கு வேற வழி இருக்கா?"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. எனக்கு மளமளவென்று பதில் வந்தது. "இருக்குங்க. மெத்துனு இருக்கறதைப் பட்டைக்கு அடியில வெக்கக் கூடாதுங்க, சீட்டுக்கு அடியில வெக்கலாம். பட்டையிலயும் யாரோ லோடு ஏத்தறதுக்கு ஒண்ணு கூடப் போட்டு வெச்சிருக்காங்க. இது லோடு வண்டி இல்லீங்களே, அதை எடுத்துப்போடலாம். இன்னும் இளகும்."

"நாளைக்குள்ள முடியுமா?"

"நாளைக்கு முடியாதுங்க. நாளன்னிக்கு முடியும்."

"சரி. நாளன்னிக்கு அந்தச் சீட்டுல நான் உக்காந்துக்குறேன். ஸ்டெல்லாம்மா ஓட்டட்டும். அதே குழிப் பாதையில."

புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். நடுவில் இரும்போடு இரும்பு, வேறு ஒன்றும் இல்லை. கூடுதல் பட்டையை எடுத்து, மற்ற பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் பூசி அடுக்கினேன். முன்சீட்டைக் கழற்றி, கீழே நான்கு மூலையிலும் ஸ்பிரிங் வைத்து, பொள்ளாச்சியிலிருந்து வரவழைத்த தேங்காய் நார் மெத்தையை மேலே போட்டோம். சீட்டு மேலும் கீழும் ஆடும் என்பதால், சீட் பெல்ட்டைப் பிடிக்கிற கம்பியைச் சீட்டில் மாட்டாமல் நேராகத் தரையோடு போல்ட் போட்டேன். சரோஜா அம்மா உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சாயறதுக்கு இன்னுங் கொஞ்சம் வேணுமுங்க, வயித்துப்புள்ளைக்காரி நிமுந்து உக்கார முடியாது" என்றார். அதையும் மாற்றினோம். ஃபாதர் வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா ஒரு குழியையும் விடவில்லை. திரும்பி வந்து இறங்கிய ஃபாதர், ஸ்டெல்லா நீட்டிய சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, சரோஜா அம்மாவிடம் விடைபெறப் போனார். வண்டி இனியும் ஸ்டெல்லா கையில்தான் என்று எனக்கு விளங்கியது.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது, பாறைப் பாதையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க நானும் போனேன். ஏறும்போது நான் முன்சீட்டில் ராஜா மாதிரி போனேன். மேலே ஒரு பெண், தலைப்பிரசவம், இன்னும் சில வாரம் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே தங்கவைக்க வேண்டும் என்று ஸ்டெல்லா கூட்டிக்கொண்டார். அவள் வண்டியைப் பார்த்ததுமே பயந்தாள். வேலிக்குள் போன கதை மேலேயும் வந்து சேர்ந்திருந்தது. அவள் அம்மாவும் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். பின் பெஞ்சுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை வழி நெடுக என் இடுப்பு எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தது.

பாறைகள் முடிந்து, தார் ரோடு வந்து, வேகம் எடுத்து, அந்த வேலியைத் தாண்டினோம். ஸ்டியரிங் அசையவில்லை. ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தோள்கள் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. நான் இறங்கி முன்கதவைத் திறக்கப் போனேன். ஸ்டெல்லா விரலை உதட்டில் வைத்து என்னைத் தடுத்தார். அந்தப் பெண் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்ணா" என்றார் ஸ்டெல்லா. "தூங்கட்டும்."